எதிர்த்த கடையில் வாங்கிய லேப்டாப்

வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்போடயே வரலாம், ஒண்ணும் தப்பில்லை. இப்படி உக்காருங்க, பேன் காத்து இங்கிட்டுத்தான் வரும். சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குதுல்ல.

இருங்க இருங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பதினாறு வருசமா இதே உசிலம்பட்டியில, இதே கடையில உக்காந்திருக்கேன். ஆளு படியில கால வைக்கும்போதே மூஞ்சியப் பாத்து என்ன வேணும்னு சொல்லிருவான் இந்தக் காசிமாயன். உங்களுக்கு வேண்டியது லேப்டாப். அதுலயும் சின்ன லேப்டாப். வீட்டுல யாருக்கோ வாங்கித் தரணும், ரொம்பச் செலவை இழுத்து விடவும் மனசில்லை. சரிதானே? சிரிக்கிறீங்க பாருங்க. சிரிச்சாலே சரின்னுதான் அர்த்தம்.

இந்தா, இதுதான். பதினோரு இஞ்சு. தூக்கிப் பாருங்க, சும்மா தூக்குங்க. ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டுப் போறாப்புல இருக்கும். உள்ள பேன் கிடையாது, அதனால சத்தமும் கிடையாது. கரண்டு குடிக்கவே குடிக்காது. சாமி படத்துக்கு முன்னால ராத்திரி பூரா எரியிற குட்டி பல்பு இருக்குல்ல, அம்புட்டு கரண்டுல ஓடும். காலையில சார்ஜ் போட்டா பொழுது சாயிற வரைக்கும் நிக்கும். இதெல்லாம் நல்லது.

கெட்டதையும் சொல்லிர்றேன். முன்னாடியெல்லாம் சொல்ல மாட்டேன், இப்பச் சொல்றேன். வேகம் கம்மி. ராம் நாலு ஜிபிதான். ராம்னா, ஒரே நேரத்துல எத்தனை வேலைய விரிச்சு வச்சுக்கலாம்ங்கிற இடம். சமையக்கட்டு மேடை சின்னதா இருந்தா, காய் அரியிறப்ப மாவு பிசைய முடியாதுல்ல, அதே கதைதான். அதைப் பின்னால கூட்டவும் முடியாது, போர்டோட சேத்து ஒட்டியே அனுப்பிருவாய்ங்க. படம், பாட்டு, பைல் வைக்கிற இடம் அறுபத்திநாலு ஜிபி. அதுல பாதியில விண்டோஸ் காலை நீட்டிப் படுத்துக்கும். இன்னொண்ணு, உள்ள பேன் இல்லாததால சூடாயிருச்சுன்னா அதுவா வேகத்தைக் குறைச்சுக்கும். நம்ம இந்த வெயில்ல நடக்கிறப்ப காலு தன்னால மெதுவாகுதுல்ல, அப்படித்தான்.

இம்புட்டு விளக்கமெல்லாம் முன்னால நான் சொன்னதே கிடையாது. ஒரே வார்த்தைதான். "இது போதும்ணே." வாத்தியார் வந்தாலும் அதான், வக்கீல் வந்தாலும் அதான். "உங்களுக்கு இது போதும்." சொன்னதும் ஆளுக்கு மூஞ்சி தெளிஞ்சிரும். செலவு குறையுதுல்ல. அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் கடையவே ஓட்டுனேன். மூணு மாசமா அதை வாயில எடுக்குறதில்லை.

எடுக்குறதில்லைன்னு சொன்னேனே, அதுவும் முழுசா முடியலை. ஏன்னா என் வீட்டுக்காரி பேரே அதுதான்.

என்னண்ணே? ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, இதை முடிச்சுர்றேன். நீங்க இங்க கேக்கலைன்னா வெளிய டீக்கடையில கேப்பீங்க. அங்க கண்ணு மூக்கு வச்சுச் சொல்லுவாய்ங்க. நானே சொல்லிட்டா நல்லது பாருங்க. விசயம் இதுதான். என் பொண்டாட்டி எதிர்த்த கடையில போய் லேப்டாப் வாங்கிட்டா. கம்ப்யூட்டர் கடைக்காரன் பொண்டாட்டி. ரோட்டைத் தாண்டிப் போயி. என் கண்ணு முன்னால.

அவ பேரு போதும்பொண்ணு. செக்கானூரணி. வீட்டுல அஞ்சாவது பொம்பளைப் பிள்ளை. நாலோட நிக்கும்னு பாத்தாங்க, நிக்கலை. அதனால சாமிக்குக் கேக்கட்டும்னு அந்தப் பேரை வச்சுட்டாங்க. உங்க பக்கத்துலயும் அந்தப் பேரு இருக்கும். அடுத்தது பையனே பொறந்துட்டான். பேரு வேலை செஞ்சிருச்சு. வேலை முடிஞ்ச பிறகு அந்தப் பிள்ளைய யாரு கவனிக்கிறா? பையனைத் தூக்கிக் கொஞ்சப் போயிட்டாங்க. இதெல்லாம் அவ சொல்லலை. மாமனாரு ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

நான் அவள சுருக்கமா "போதும்"னுதான் கூப்பிடுவேன். அதுலயும் ஒரு கூத்து இருக்கு. எங்க வீடு கடைக்கு மேல மாடியிலதான். இங்க டீ ஊத்திக்கிட்டிருக்கும்போது மாடியப் பாத்து "போதும்"னு ஒரு சத்தம் கொடுத்தா, டீக்காரரு பாதி கிளாஸோட நிறுத்திருவாரு. பல நாளு அரை டீ குடிச்சிருக்கேன்.

எங்க கல்யாணப் பத்திரிகையில அவ பேருக்குப் பக்கத்துல ஐ.டி.ஐ.ன்னு போட்டிருந்துச்சு. ஐ.டி.ஐ.யில என்ன படிச்சேன்னு நான் கேக்கலை. பொம்பளைப் பிள்ளைதானே, தையல்னு நினைச்சுக்கிட்டேன். இருபது வருசம் தையல்னே நினைச்சிருந்தேன்ணே. ஒரு தீபாவளிக்கு, வீட்டுலயே தைக்கத் தெரிஞ்ச ஆளு இருக்கும்போது எதுக்கு வெளிய கூலி கொடுக்கணும்னு அஞ்சாறு பிளவுஸ் துணிய எடுத்துட்டு வந்து அவ முன்னால போட்டேன். என் தங்கச்சிகளுக்கும் சேத்து. அவ எடுத்துட்டுப் போனா. நாலு நாள்ல தைச்சு வந்துச்சு. அளவெல்லாம் அச்சு அசலா இருந்துச்சு. பாத்தீங்களா, படிச்ச படிப்பு வீண்போகலைன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன். பின்னாலதான் தெரியும், தெருமுனை டெய்லர்கிட்டக் கொடுத்திருக்கா. அவ படிச்சது டிராப்ட்ஸ்மேன் சிவில். வீடு, கட்டடத்துக்குப் பிளான் போடுற படிப்பு.

ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க கேக்கலைல்ல"ன்னா. இது ஒரு பதிலாண்ணே?

சரி, கதைக்கு வர்றேன். போன ஆவணி. மகளை மதுரையில காலேஜ் ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோம். வீட்டுல இவ ஒத்தையா மொட்டு மொட்டுன்னு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு மனசு கேக்கலை. கடையில இதே மாதிரி ஒரு குட்டி லேப்டாப், காட்சிக்கு வச்சது, ரெண்டு வருசமா விக்காம கெடந்துச்சு. கீபோர்டுல மேல்பக்கம் போற அம்புக்குறி பட்டன் பேந்து போயிருந்துச்சு. அதைத் துடைச்சு, புதுப் பையில போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன். நாமளா நினைச்சுச் செய்யிறோம்ல. எத்தனை புருசன் செய்வான் சொல்லுங்க.

அவ தொறந்து பாத்தா. அந்தப் பட்டன் இல்லாத இடத்தை விரலால தடவிப் பாத்தா. அப்புறம், "இதுல பிளான் போடலாமா?"ன்னு கேட்டா.

நான் சிரிச்சேன். அப்ப டீ குடிக்க எங்கூட மாடிக்கு வந்த ரெண்டு கஸ்டமர் வேற இருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க. "பிளான் போடுற மிஷினுக்கெல்லாம் எட்டு ஜிபி, பதினாறு ஜிபி, தனியா கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வேணும். நீ சமையல் வீடியோ பாரு, மகளோட வீடியோ கால் பேசு. உனக்கு இது போதும்"னேன். அவளும் சிரிச்சா. அதை வச்சுத்தான் சரின்னு நினைச்சுட்டேன்.

அப்புறம் ஒரு ரெண்டு மாசம் நான் கவனிக்கலை. ஒருநாள் காலையில இட்லி எங்கன்னேன். உப்புமாதான்னா. மறுநாளும் உப்புமா. மூணாம் நாளு நானே சமையக்கட்டுக்குள்ள போயித் தேடுறேன், இட்லித் தட்டைக் காணோம். எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? கவுத்துப் போட்டு, அதுக்கு மேல லேப்டாப். அடிப்பக்கம் சூடு ஏறாம இருக்க. குழிக்குள்ள காத்துப் போகும், அலுமினியம் சூட்டை இழுத்துக்கும். இத்தனை வருசம் சர்வீஸ் பண்றேன், எனக்கு இது தோணலை. இதுக்குன்னே கூலிங் பேடுன்னு ஒண்ணு தனியா வித்துக்கிட்டிருந்தேன்.

ஸ்கிரீன்ல பாத்தா ஒரு வீடு. ஹாலு, பெட்ரூமு, படிக்கட்டு, செப்டிக் டேங்கு உட்பட எல்லாம் அளவோட. நம்ம கொத்தனார் ஒச்சப்பன் இருக்காருல்ல, அவரு கட்டுற வீட்டுக்கு இவதான் போட்டுக் கொடுத்திருக்கா. "எப்படி இதுல ஓடுது?"ன்னு கேட்டேன். அவ படிச்சது தையல் இல்லைன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அவ செய்யிற முறையையும் அப்பத்தான் பாத்தேன். பிளான் போடப் புதுசா வந்த சாப்ட்வேர் இதுல ஏறாதுன்னு ரொம்பப் பழசு ஒண்ணைத் தேடிப் போட்டிருக்கா. அதை வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டா. ஆனா வீடியோவையும் பிளானையும் சேத்துத் தொறந்தா மிஷின் அப்படியே நின்னுரும். அதனால முதல்ல வீடியோவ மட்டும் பாத்து நோட்டுல எழுதிக்குவா. அதை மூடிருவா. அப்புறம் நோட்டைப் பாத்துப் பிளான் போடுவா. வீடு முழுசையும் ஒரே பைல்ல வச்சா இழுக்கும்னு தரைத்தளம் ஒரு பைலு, மாடி ஒரு பைலு, படிக்கட்டு தனி பைலு. முன்பக்கம் எப்படியிருக்கும்னு கலர்ல ஒரு படம் எடுப்பாங்கள்ல, அதைப் போட்டுவிட்டுட்டு உளுந்து ஆட்டப் போயிருவா. ஆட்டி முடிச்சு வரும்போது பாதிச் சுவரு வந்திருக்கும். துணி துவைச்சு வந்தா ஜன்னலு வந்திருக்கும்.

எனக்கு ஒரே பெருமை. நான் என்ன பண்ணேன் தெரியுமா, அதையே சொல்லிச் சொல்லி யாவாரம் பண்ணேன். "குட்டி லேப்டாப் தாங்குமான்னு கேக்குறீங்களே, என் வீட்டுக்காரி இதுலதான் ரெண்டு மாடி வீடு கட்டுறா"ன்னு. வந்தவங்கள மாடிக்குக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சேன். அவ பாட்டுக்கு மவுஸைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, நான் பக்கத்துல நின்னு விளக்குவேன். கார்த்திகை மாசம் மட்டும் எனக்கு இந்தச் சரக்கு நல்லா போச்சு. ஒருதரம் அவ சொன்னா, "ஓடுதுன்னு சொல்றீங்களே, அது ஓடலைங்க. நான் இழுத்துக்கிட்டுப் போறேன்." அதைக் கேட்டு அந்தக் கஸ்டமரு சிரிச்சாரு. நானும் தமாசுன்னு நினைச்சேன்.

தண்ணி வேணுமாண்ணே? இல்லையா. வாயைத் திறந்தீங்களே. சரி, முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்.

தை மாசம். ஒச்சப்பன் கையில இருந்த பிளானை மதுரை இன்ஜினியர் தமயந்தி மேடம் பாத்திருக்காங்க. யாரு போட்டதுன்னு கேட்டு, போன் நம்பர் வாங்கி, இவகிட்டப் பேசியிருக்காங்க. ஒரு கல்யாண மண்டபம். தூணு, பால்கனி, பந்தி ஹாலு, எல்லாம் சேத்து வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் கொடுத்தா, இனி அவங்க ஆபீஸ் பிளானெல்லாம் இவளுக்குத்தான். வீட்டுல இருந்தே செய்யலாம். நாப்பத்திரெண்டு வயசுல அவளத் தேடி வந்த முதல் வேலைண்ணே அது. அவ எங்கிட்டச் சொல்லும்போது கை ரெண்டையும் சேலையில துடைச்சுக்கிட்டே இருந்தா. ஈரமே இல்லை, இருந்தாலும் துடைச்சா.

மேடம் அனுப்புன பைலு பெரிசு. குட்டி மிஷின்ல தொறந்தா, சுத்திக்கிட்டே இருந்துச்சு. முக்கா மணி நேரம் கழிச்சு வெள்ளையா ஆகி நின்னுருச்சு. மறுபடி தொறந்தா. மறுபடி நின்னுச்சு. உள்ள இருந்த எல்லாத்தையும் அழிச்சா, மக போட்டோ வரைக்கும் பென்டிரைவுக்கு மாத்திட்டுத் தொறந்தா. இட்லித் தட்டை பிரிட்ஜுல வச்சு எடுத்து, ஈரத்தைத் துடைச்சுட்டு அது மேல வச்சுக்கூடப் பாத்தா. நடக்கலை. பைலைத் துண்டு துண்டா அனுப்பச் சொல்லி மேடம்கிட்டக் கேட்டிருக்கா, அங்க அவங்களுக்கு நேரமில்லை. செவ்வா போச்சு. புதன்கிழமை மத்தியானம் கீழ இறங்கி வந்தா. கடை நேரத்துல அவ வர்றதே கிடையாது.

அப்ப இந்த மேசையில ஒரு பெரிய மிஷின் இருந்துச்சு. கல்யாண வீடியோ எடுக்குற ஸ்டுடியோக்காரருக்காக நான் பார்ட்ஸ் வாங்கிப் பூட்டி வச்சது. முப்பத்திரெண்டு ஜிபி, பெரிய கிராபிக்ஸ் கார்டு, உள்ள கலர் லைட்டெல்லாம் எரியும். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கணும். "ரெண்டு நாளு, மத்தியானத்துல மட்டும் இதுல உக்காந்துக்கிறேன்"ன்னா. பென்டிரைவைக் கையிலயே வச்சிருந்தா.

நான் முடியாதுன்னேன். கஸ்டமர் பொருளுண்ணே. நம்பி ஆர்டர் கொடுத்திருக்காரு, அதை வீட்டு ஆளுக்கு எடுத்துக் கொடுக்கலாமா? தொழில்ல ஒரு நியாயம் வேணும்ல. அதுல முந்தின நாளு நான் ரெண்டு மணி நேரம் கார் ரேஸ் ஓட்டுனது வேற விசயம். அது டெஸ்டிங். லோடு கொடுத்துப் பாக்கணும்ல. அவ அதை மாடிப்படியில இருந்து பாத்திருக்கா போல. எனக்குத் தெரியாது.

சும்மா முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. நான் கூட ஒண்ணு சேத்துச் சொன்னேன். "மண்டபமெல்லாம் நமக்கெதுக்கு? ஒச்சப்பன் வீடு போடுறேல்ல, உனக்கு அது போதும்"னேன்.

அவ சண்டை போட்டிருந்தா எனக்குப் பதில் இருந்துச்சுண்ணே. பென்டிரைவை முந்தானையில முடிஞ்சா. மாடிக்குப் போயி பையை எடுத்துட்டு வந்தா. இந்தப் படியில இறங்கி, ரெண்டு பக்கமும் பாத்து, ரோட்டைத் தாண்டுனா. தேனி பஸ் ஒண்ணு வந்து மறைச்சுச்சு. பஸ்ஸு போனப்புறம் பாக்குறேன், எதிர்த்த கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான்ல ரூபன், அவன் கடைக்குள்ள நுழையிறா. சில்லறை மாத்தப் போறான்னு நினைச்சேன். பத்து நிமிசம் ஆச்சு. அங்க சில்லறை இல்லாம நிக்க வச்சிருக்காங்களோன்னு நினைச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. அப்பக்கூட எனக்குத் தோணலை.

வெளிய வந்தா. இடுப்புல தண்ணிக்குடம் மாதிரி ஒரு பெரிய பெட்டி. பெட்டி மேல கொட்டை எழுத்துல பதினாறு ஜிபின்னு போட்டிருக்கு. டீக்கடை பூரா பாக்குது, ஆட்டோ ஸ்டாண்டு பூரா பாக்குது. நேரா என் கடைக்குப் பக்கத்துப் படியில ஏறி மாடிக்குப் போயிட்டா. காசு ஏதுன்னு கேக்காதீங்க, அவ பிளான் போட்டுச் சேத்தது.

என் மானம் கப்பலேறிருச்சு. அடுத்த நாளு டீக்காரரு கேக்குறாரு, "என்ன மாயா, சரக்கு சரியில்லையா?"ன்னு. ரெண்டு நாளு நான் வீட்டுல சாப்பிடலை. கோவம். வெளிய புரோட்டாதான். நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற. ஆனா அவ வந்து கூப்பிடலை. மேல டக்கு டக்குன்னு மவுஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ரூபன்கிட்டப் போயிச் சண்டைக்கு நின்னேன். "ஏய்யா, என் வீட்டு ஆளுக்கே யாவாரம் பண்றியா?" அவன் நல்லவன்தான்ணே, பொய் சொல்லக் கூடாது. "அண்ணே, நான் அக்காகிட்டச் சொன்னேன், எதிர்லதான் அண்ணன் கடை இருக்கே, அங்க எடுங்கன்னு. எனக்கு ஏத்தது அங்க இல்லைங்கன்னு சொல்லிட்டாங்க"ன்னான். "அப்ப நீ என்ன சொல்லி வித்தே?"ன்னேன். "நான் ஒண்ணும் சொல்லலைண்ணே. என்ன வேலைக்குக்கா வேணும்னு மட்டும் கேட்டேன்"ங்கிறான்.

இதென்னண்ணே பெரிய கேள்வி? கடைக்காரன்னா கேக்கத்தான் செய்வான். இதைக் கேக்க எனக்குத் தெரியாதா?

ரூபன் சொன்னான், "கேட்டதுதான் தாமதம்ணே, அக்கா அரை மணி நேரம் பேசுனாங்க. தூணுக்கும் தூணுக்கும் எத்தனை அடி, பந்தி ஹாலுக்குள்ள காத்து எப்படி வரணும், பொண்ணு மாப்பிள்ளை ரூமுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கணும்னு. பில்லு பின்னாலயே வரைஞ்சு காமிச்சாங்க. எனக்கு பாதி புரியலை, இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு"ன்னு.

அரை மணி நேரம் பேசியிருக்கா. எங்கிட்ட அவ அரை நிமிசம் சேந்தாப்புல பேசி நான் பாத்ததில்லை. பேச மாட்டா, அவ சுபாவம் அப்படின்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். அங்கனயே நின்னேன்ணே. லேப்டாப் வாங்குனது வலிக்கலை. அது வலிச்சுச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மண்டபத்தை முடிச்சு அனுப்பிட்டா. மேடம் போன் பண்ணி, இனி எல்லாம் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு நான் மேல போனேன். "சாப்பாடு இருக்கா?"ன்னேன். "இருக்கு"ன்னு தட்டை வச்சா. இப்ப பெரிய மிஷின்ல வீட்டு முன்பக்கப் படம் ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள வந்துருது. உளுந்து ஆட்ட நேரமே இல்லைன்னு மாவு கடையில வாங்குறோம். நல்லாவே இல்லை, புளிக்குது. அதை நான் சொல்றதில்லை.

இது முடிஞ்சு மூணு மாசமாச்சு. இப்ப புதுசா ஒண்ணு. திருமங்கலம் ரோட்டுல எங்களுக்கு மூணு சென்ட் இடம் கெடக்கு. வாடகைக் கட்டடத்துல இருந்தது போதும்னு, பாத்தீங்களா, வந்துருச்சு வாயில. வீடு கட்டலாம்னு இருக்கோம். அவதான் பிளான் போடுறா. மூணு நாளைக்கு முன்னால சாப்பிட்டு எந்திரிக்கிறேன், கூப்பிட்டா. ஸ்கிரீன்ல எங்க வீடு. முன்னால அவளுக்கு ஆபீஸ் ரூமு, தனி வாசல். மகளுக்கு ஒரு ரூமு. பின்னால ஒரு இடத்தைக் காலியா விட்டிருந்தா. "இங்க உங்களுக்கு. எவ்வளவு இடம் வேணும்?"ன்னு கேட்டா.

"எனக்கென்ன, ஒரு மூலை போதும்"னேன். வாடிக்கையா வர்றதுதானே.

மவுஸை வச்சுட்டுத் திரும்பி என்னையப் பாத்தா. "போதும்னு சொல்லாதீங்க. அங்க என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன நான் இடம் போடுறேன்"னா. கோவமா இல்லைண்ணே. நிசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா.

நின்னு யோசிக்கிறேன். கடைய எடுத்துட்டா வீட்டுல நான் என்ன செய்யிற ஆளு? சாப்பிடுவேன். தூங்குவேன். டிவி போடுவேன், பாக்க மாட்டேன். ஐம்பது வயசுல என்னைய உக்கார வச்சு, நீ என்ன செய்யப் போறேன்னு ஒரு ஆளு கேட்டதில்லை. எங்கப்பா கேக்கலை. கடைய வச்சுக் கொடுத்த மாமா கேக்கலை. யாருமே கேக்காட்டி அந்த ஆளுக்குப் பேச்சே மறந்து போகும் போலண்ணே. எனக்கு எப்பவும் வாய் ஓயாது, ஆனா அன்னைக்கு நின்னுட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. தூசி விழுந்துருச்சுன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கி வந்துட்டேன். அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. தினமும் சாப்பிடும்போது என் மூஞ்சியப் பாக்குறா, நான் ரசத்தைப் பாக்குறேன்.

என்னண்ணே, எந்திரிச்சுட்டீங்க? லேப்டாப் பிடிக்கலையா? வேற பெருசு காட்டட்டுமா?

எது, லேப்டாப்பே வேணாமா? மாடிக்கா? வீட்டுப் பிளான் விசயமா அவளப் பாக்கவா வந்தீங்க?

இதை வந்ததுமே சொல்லியிருக்கலாம்லண்ணே. சொல்ல வந்தீங்களா. நான் எங்க விட்டேன்கிறீங்களா. சரிதான்.

படி வலது கைப்பக்கம். மேல போங்க, இருப்பா. உங்களுக்கு வேண்டியதை நிதானமா சொல்லுங்க, அவ முழுசாக் கேட்டுட்டுத்தான் வரைய ஆரம்பிப்பா.

ஒரு நிமிசம்ணே. உங்க வேலை முடிஞ்சதும் எனக்காக ஒரு சேதி சொல்லுவீங்களா? நானே போனா வேற என்னமாச்சும் உளறிருவேன். கீழ இருக்குற மனுசன் பதில் சொல்லிவிட்டாருன்னு சொல்லுங்க. ரெண்டு நாற்காலி எதிர எதிர போடுற அளவுக்கு ஒரு இடம். ஒரு ஜன்னல். அவ்வளவுதான். அங்க என்ன செய்யப் போறாருன்னு கேப்பா. உக்காந்து பேசத்தான்னு சொல்லுங்க.

இல்லைண்ணே, அப்படிச் சொல்லாதீங்க. அவ பேசுறதைக் கேக்குறதுக்குன்னு சொல்லுங்க. நம்ப மாட்டா. இருந்தாலும் சொல்லுங்க.